பணியிடத்தில் உடையும் அரசியல் கருத்தும்: தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே ஊழியர் சங்க அலுவலகங்களுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கட்சிக் கரை வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் போகலாமா? சட்டைப் பையில் தலைவர் படம் வைத்திருந்தால் தவறா? சாப்பாட்டு இடைவேளையில் யார் ஜெயிப்பார் என்று பேசினால் நடவடிக்கை வருமா? ஸ்டேட்டஸில் கட்சிக் கூட்டத்துப் படத்தை வைத்ததற்கு மெமோ வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது?

இப்படிப்பட்ட மெமோக்களுக்குப் பதில் எழுத நெடுங்காலமாக உதவி வருகிறேன். வந்து நிற்பவர்களில் தீவிரக் கட்சிக்காரர்கள் குறைவு. பெரும்பாலோர் விதி என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் மாட்டிக்கொண்டவர்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது: பயத்தினால், சட்டம் தாராளமாக அனுமதிக்கும் கோரிக்கை அட்டையைக்கூடச் சட்டையில் குத்திக்கொள்ளத் தயங்குபவர்கள். இந்த இரண்டையும் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் ஊழியரின் கருத்தைப் பறிக்கவில்லை. அந்தக் கருத்துக்குப் பதவியின் பலத்தைக் கொடுக்காதே என்றுதான் சொல்கிறது. தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் பெண், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் சட்டையில் ஒரு சின்னத்தைப் பார்த்து, 'நாம் வேறு கட்சி, நம் வேலை நடக்குமா' என்று ஒரு கணம் நினைத்துவிட்டால் அங்கே தவறு நடந்துவிட்டது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

படி 1: எந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதைக் கண்டுபிடியுங்கள்

எல்லா ஊழியருக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பதுதான் முதல் குழப்பம். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்குக்கூட வெவ்வேறு விதிகள் இருக்கலாம்.

மாநில அரசு ஊழியர் என்றால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். மத்திய அரசு ஊழியர் என்றால் 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். இரண்டுமே அரசியல் கட்சியில் உறுப்பினராவதையும், கட்சிக்காக வேலை செய்வதையும், தேர்தலில் வாக்குக் கேட்பதையும் தடை செய்கின்றன. இந்த விதிகள் அலுவலக நேரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மாலை ஆறு மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும், சொந்த ஊர்த் திருவிழாவிலும் நீங்கள் அரசு ஊழியர்தான்.

பொதுத்துறை வங்கிகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தனித்தனி நடத்தை விதிகள் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் நிலை வேறு. அவர்கள் நிலையாணைகளுக்கு, அதாவது நிறுவனத்தின் பணி நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் எழுதிவைத்த ஆணைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கப் பேரவை என்று கட்சிகளோடு இணைந்த சங்கங்களின் பலகைகளும் கொடிக்கம்பங்களும் பணிமனை வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சங்க உறுப்பினராக இருப்பது உரிமை. வருவாய்த்துறை எழுத்தர் ஒருவர் 'அவர் மட்டும் செய்யலாமா' என்று கேட்டுப் பயனில்லை.

காவல்துறைக்கு 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சங்கம் அமைப்பது, கூட்டங்களில் கலந்துகொள்வது, பத்திரிகையோடு தொடர்பு கொள்வது எல்லாவற்றிலும் அதன் கட்டுப்பாடு கடுமையானது. சீருடைப் பணியில் இருப்பவர்கள் இந்த வழிகாட்டியில் வரும் தளர்வுகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தனியார் துறையில் நியமன ஆணையும், நிறுவனத்தின் நிலையாணைகளும், மனிதவளத் துறையின் கொள்கை ஏடும்தான் விதி. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிலையாணைகள் கட்டாயம் என்பது இப்போது 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். உங்கள் ஆலையில் ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருந்தால் அதன் நகலை முதலில் கையில் வாங்குங்கள்.

ஒப்பந்த ஊழியர்கள், தொகுப்பூதியக்காரர்கள், ஏஜென்சி வழியாக அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறது. இவர்களை 'நாளை முதல் வர வேண்டாம்' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். நியாயமே இல்லாத நடைமுறை இது. ஆனாலும் இன்று நிலைமை அதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

படி 2: உடை விதியை எழுத்தில் பாருங்கள்

'அரசாங்கத்தில் வேட்டி கட்டக் கூடாதாம்' என்று ஒருவர் சொல்வார். 'வேட்டிதான் கட்ட வேண்டுமாம்' என்று மற்றொருவர் சொல்வார். இரண்டும் தவறு.

தலைமைச் செயலக ஊழியர்களுக்காக 2019 மே மாத இறுதியில் ஓர் அரசாணை வந்தது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவுடன் சுடிதார் அணியலாம். ஆண்கள் சட்டையும் முறையான பேன்ட்டும் அணியலாம். தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியும், இந்திய மரபு உடைகளும் அணியலாம். சாதாரண டி-ஷர்ட்டுக்கு இடமில்லை என்பதுதான் அன்று பரவலாகப் பேசப்பட்டது. உடை தூய்மையாகவும், பதவிக்குப் பொருத்தமாகவும், அலுவலகத்தின் கண்ணியத்தைக் காப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உடை விதி பேசுவது உடையின் வகையைப் பற்றி. உடையில் இருக்கும் கட்சிச் சின்னத்தைப் பற்றிப் பேசுவது நடத்தை விதி. வேட்டி அனுமதிக்கப்பட்டது என்பதால் கட்சிக் கரை வேட்டியும் அனுமதிக்கப்பட்டது ஆகாது. அதேபோல, ஒருவர் டி-ஷர்ட்டில் வந்துவிட்டார் என்பதற்காக அவர் மீது அரசியல் நடவடிக்கைக் குற்றச்சாட்டு வைக்கவும் முடியாது. மெமோ வந்தால் எந்த விதியின் கீழ் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டும் கலந்து ஒரு பெரிய விவாதமே நடந்தது. 2024 அக்டோபரில், துணை முதல்வராகப் பொறுப்பேற்றிருந்த உதயநிதி ஸ்டாலின் உதயசூரியன் சின்னம் பொறித்த டி-ஷர்ட் அணிந்து அரசு விழாக்களில் கலந்துகொள்வதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. 2019 அரசாணை பதவியில் இருக்கும் அரசியல் தலைவர்களுக்கும் பொருந்துமா என்று நீதிமன்றம் அரசிடம் கேட்டது. அமைச்சர் தேர்தலில் நின்று கட்சியின் பெயரால் வந்தவர். எழுத்தர் தேர்வு எழுதி வந்தவர், ஆட்சி மாறினாலும் அதே நாற்காலியில் இருப்பவர். ஆகவே 'அமைச்சரே அணிகிறார், நான் அணியக் கூடாதா' என்ற வாதத்தை விசாரணையில் வைக்காதீர்கள். இந்த வாதம் எடுபடாது என்பது என் உறுதியான கருத்து.

தலைமைச் செயலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் துறைத் தலைவரின் சுற்றறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். 'வாய்மொழி உத்தரவு' என்று சொன்னால் எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து நகல் வாங்கிவிடலாம்.

படி 3: உடலில் இருக்கும் அடையாளங்களைப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் அணியும் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும்.

முதல் வகை கட்சி அடையாளம். மத்திய அரசு நடத்தை விதிகளில் 5ஆம் விதியின் விளக்கக் குறிப்பு ஒன்று மிகத் தெளிவாக இருக்கிறது. அரசு ஊழியர் தன் உடலிலோ வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால், தேர்தலில் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகவே அது கருதப்படும். ஆளைப் பிடித்து ஓட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பைக்கின் முன்பக்கம் ஒட்டிய இரட்டை இலை ஸ்டிக்கரோ, வீட்டு வாசலில் வரைந்த உதயசூரியனோ, சட்டையில் குத்திய தாமரை பேட்ஜோ போதும்.

கரை வேட்டி விஷயத்தில் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள்: கறுப்பு சிவப்புக் கரையோ, நடுவில் வெள்ளை சேர்ந்த கரையோ கொடியின் நிறம்தானே, தேர்தல் சின்னம் இல்லையே என்று. எழுத்துப்படி பார்த்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கட்சியோடு 'வேறு வகையில் தொடர்பு' வைத்திருக்கக் கூடாது என்ற பொதுத் தடை இருக்கிறதே, அதில் இது நேராக வந்து விழும். தமிழ்நாட்டில் அந்தக் கரையைப் பார்த்து எந்தக் கட்சி என்று தெரியாதவர் யார்? மெல்லிய வெள்ளைச் சட்டையின் பையில் வெளியே தெரியும்படி வைக்கும் தலைவர் படத்துக்கும், கட்சி நிறத் துண்டுக்கும், சின்னம் பொறித்த மோதிரத்துக்கும் இதே கதிதான். அரசு ஊழியர் இவற்றை அலுவலகத்துக்கும் வெளியிலும் தவிர்ப்பதே சரி.

வீட்டில் கணவரோ மனைவியோ கட்சிப் பொறுப்பில் இருந்தால்? கட்சி வேலை செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. அரசு ஊழியரின் பெயரில் இருக்கும் வாகனத்தைக் கட்சிப் பணிக்குக் கொடுக்காதீர்கள். கொடியும் சுவரொட்டியும் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில் வேண்டாம். சொந்த வீடென்றால் கட்சி அலுவலகத்துக்குத் தனி இடம் பார்த்துக்கொள்வது நிம்மதி. இன்னொன்று: வேட்பாளரை முன்மொழிவதும் வழிமொழிவதும்கூடத் தேர்தலில் பங்கேற்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். சொந்த மனைவி உள்ளாட்சித் தேர்தலில் நின்றாலும் வேட்புமனுவில் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது.

இரண்டாவது வகை கோரிக்கை அடையாளம். ஊதியம், ஓய்வூதியம், பணி நிரந்தரம் போன்றவற்றுக்காகச் சங்கம் அணியச் சொல்லும் அட்டை, கறுப்புப் பட்டை ஆகியவை இதில் வரும். இதற்குத் தனிப் படியே கீழே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வகையில்தான் அநியாயம் அதிகம் நடக்கிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் கறுப்பு உடையில் வருவார். பெரியார் கொள்கைக்காரர் கறுப்புச் சட்டை அணிவார். துக்கத்தில் இருப்பவரும், வெறுமனே கறுப்பு பிடித்தவரும் அணிவார்கள். நிறம் மட்டும் எந்தக் கட்சிக்கும் சொத்தில்லை. நீலச் சட்டையையும், பச்சைப் புடவையையும், காவித் துண்டையும் பார்த்து ஒருவரின் அரசியலை ஊகித்து மெமோ கொடுப்பது தவறு. நிறத்தோடு சின்னமோ, வாசகமோ, தலைவர் படமோ, கட்சி நிகழ்ச்சியோ சேரும்போதுதான் கேள்வி எழ வேண்டும். அம்பேத்கர், காந்தி, பெரியார், காமராஜர் படங்கள் பொது வாழ்வில் எல்லோருக்கும் உரியவை. அந்தப் படத்தின் கீழே ஒரு கட்சியின் பெயர் அச்சாகியிருந்தால் நிலைமை வேறு.

இவை மாறாத கோடுகளும் அல்ல. ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சிகளில் மத்திய அரசு ஊழியர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று 1966, 1970, 1980 ஆகிய ஆண்டுகளில் உத்தரவுகள் வந்தன. 2024 ஜூலையில் மத்திய அரசு அந்தப் பட்டியலிலிருந்து அமைப்பின் பெயரை நீக்கிவிட்டது. எந்த அமைப்பாக இருந்தாலும், இன்றைய தேதியில் உத்தரவு என்ன என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 4: பேச்சு, கூட்டம், கைபேசி

சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. பட்ஜெட்டைப் பற்றியும், நீட் தேர்வைப் பற்றியும், காவிரியைப் பற்றியும் பேசாமல் தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்தில் டீ குடிக்கிறார்கள்? பொதுமக்கள் காத்திருக்கும் இடத்தில் பேசாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் 'நீ யாருக்கு' என்று கேட்காதீர்கள். மேலதிகாரி கேட்டால் அது கருத்துப் பரிமாற்றமாக இருக்காது.

வாக்களிப்பது உங்கள் உரிமை. ஆனால் அரசு ஊழியர் தான் எப்படி வாக்களிக்கப் போகிறார், எப்படி வாக்களித்தார் என்று வெளிப்படையாகக் காட்டக் கூடாது என்று மத்திய விதி சொல்கிறது. மை வைத்த விரலுடன் படம் எடுத்துப் போடுங்கள், மகிழ்ச்சி. அதன் கீழே கட்சியின் பெயரை எழுதினால் விதிமீறல்.

கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்று கேட்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மத்திய அரசு 1949இலேயே இதற்கு விளக்கம் தந்திருக்கிறது. கூட்டம் எல்லோருக்கும் திறந்த பொதுக்கூட்டமாக இருக்க வேண்டும், தடை உத்தரவை மீறி நடப்பதாக இருக்கக் கூடாது, ஊழியர் அதில் பேசவோ முன்னின்று நடத்தவோ கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் கேட்டுவிட்டு வருவது குற்றமில்லை. ஒரே கட்சியின் கூட்டங்களுக்குத் தவறாமல் போனால் ஆதரவாளர் என்ற எண்ணம் ஏற்படும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் லிபிகா பால் வழக்கில் இதே வேறுபாட்டைத்தான் எடுத்துக்காட்டியது. கூட்டத்தில் இருப்பது வேறு, பங்கேற்பது வேறு. அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. சமூக ஊடகப் பதிவுக்காக மெமோ வாங்கியவர்கள் இந்தத் தீர்ப்பின் நகலை வைத்திருப்பது நல்லது.

அதற்காக வரம்பில்லை என்று எண்ண வேண்டாம். தான் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டிய கர்நாடகப் பொதுத்துறை ஊழியர் தேவேந்திரப்பா மீதான நடவடிக்கையை 1998இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அரசின் கொள்கையை ஊழியரே பொதுவெளியில் கடுமையாக விமர்சிப்பதையும் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. ஆகவே கைபேசியில் மூன்று பழக்கங்கள். சுயவிவரத்தில் பதவியும் துறையும் வேண்டாம். சீருடையிலோ அலுவலக மேசையிலோ எடுத்த படத்தோடு அரசியல் வாசகம் வேண்டாம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தியைப் பகிர வேண்டாம். எனக்குத் தெரிந்த புகார்களில் கணிசமானவை இந்த மூன்றாவதிலிருந்துதான் வந்தன. அதே குழுவில் இருக்கும் சக ஊழியர்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புகிறார்.

படி 5: கோரிக்கை அட்டையை முறையாக அணியுங்கள்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊழியர்களின் கையில் இருக்கும் மிக அமைதியான, மிக வலுவான கருவி இது.

பீகார் அரசு தன் ஊழியர்கள் எந்த வகை ஆர்ப்பாட்டத்திலும் ஈடுபடக் கூடாது என்று விதி போட்டது. காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அளவுக்கு அந்த விதி செல்லாது என்றது. ஆர்ப்பாட்டம் என்பது உணர்வை வெளிக்காட்டும் ஒரு வடிவம், அது பேச்சுரிமையின் பகுதி. கூச்சலும் குழப்பமுமாக நடக்கும் ஆர்ப்பாட்டமும் உண்டு, தங்கள் குறையைச் சுட்டிக்காட்டும் ஒரு பேட்ஜை மட்டும் அணிந்து அமைதியாக இருப்பதும் உண்டு என்று நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரிதான் இன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவைச் சேர்ந்த ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைக்கு நிழல்.

அதே தீர்ப்பு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது. 2003இல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்ததும், அதையொட்டி வந்த ரங்கராஜன் வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் நம் நினைவில் இருக்கின்றன. அட்டை அணிந்து வேலையைச் செய்வதற்கும், வேலையை நிறுத்துவதற்கும் இடையே உள்ள தூரத்தை மறக்காதீர்கள்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். சங்கத்தின் செயற்குழு தீர்மானம் நிறைவேற்றி, எந்தத் தேதிகளில் அட்டை அணியப்போகிறோம் என்று அலுவலகத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்குங்கள். அட்டையில் கோரிக்கை மட்டும் இருக்கட்டும்: 'பழைய ஓய்வூதியத் திட்டத்தை நடைமுறைப்படுத்து' என்பது போல. எந்தத் தலைவரின் படமும், ஆட்சியைக் கண்டிக்கும் வசையும், தேர்தலைக் குறிக்கும் சொல்லும் வேண்டாம். உள்ளங்கை அளவு போதும். உங்கள் பெயர் அட்டையை அது மறைக்கக் கூடாது. மனுவோடு வருபவரை ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்காதீர்கள். அன்று வழக்கத்தைவிட ஒரு கோப்பு கூடுதலாகவே முடியட்டும். அறுவை அரங்கு, இயந்திரப் பிரிவு போன்ற இடங்களில் ஊக்கு குத்திய அட்டை ஆபத்து, அங்கே கைப்பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகாரி கழற்றச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். எழுத்தில் உத்தரவு தரும்படி கேளுங்கள். எழுத்தில் வந்தால் கழற்றிவிட்டு, அன்றே ஆட்சேபத்தைக் கடிதமாகக் கொடுங்கள். கழற்ற மறுத்தால் அட்டைக்கான குற்றச்சாட்டு கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டாக மாறிவிடும். அதை வெல்வது கடினம்.

படி 6: தேர்தல் காலத்தில் கூடுதல் கவனம்

வாக்குச்சாவடிப் பணிக்கு நியமிக்கப்பட்டால் நீங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறீர்கள். வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் தேர்தல் தொடர்பான எந்த அடையாளத்தையும் காட்டுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆம் பிரிவு எல்லோருக்கும் தடை செய்கிறது. அபராதம் 250 ரூபாய்தான். ஆனால் அரசு ஊழியருக்கு அதோடு துறை நடவடிக்கையும் வரும். வேட்பாளரின் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, வாக்கு எண்ணும் இடத்து முகவராகவோ அரசு ஊழியர் உட்கார்ந்தால் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம். உறவினருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள்.

தேர்தல் பணிக்குப் போகும் அன்று ஒரே நிறத்தில், எதுவும் எழுதாத உடை. கைபேசியின் முகப்புப் படம், அழைப்பிசை, கைப்பை, குடை, தண்ணீர்ப் பாட்டில்வரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கட்சிகள் இலவசமாகக் கொடுத்த குடையும் சாவிக்கொத்தும் நம் வீடுகளில் இறைந்து கிடக்கின்றன.

படி 7: தனியார் துறையில் இருப்பவர்களுக்கு

பேச்சுரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் முதலாளிக்கு எதிராக அதை மட்டும் நம்பி வேலையைக் காப்பாற்றுவது கடினம். சீருடை அணியச் சொல்லவும், கடைக்குள் கட்சிச் சின்னம் வேண்டாம் என்று சொல்லவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஜவுளிக்கடை விற்பனைப் பெண்ணும், மருத்துவமனை வரவேற்பாளரும், உணவு கொண்டுவரும் இளைஞரும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே.

ஆனால் வேலை முடிந்து வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. தனியார் ஊழியர் கட்சியில் சேரலாம், கூட்டத்தில் பேசலாம், தேர்தலில் நிற்கவும் செய்யலாம். நிறுவனம் இதற்காகத் தண்டிக்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது நிலையாணை. எதுவெல்லாம் ஒழுங்கீனம் என்று அதில் பட்டியலிட்டிருக்கிறதோ அதற்குத்தான் தண்டிக்க முடியும், பட்டியலில் இல்லாததைப் பிறகு கண்டுபிடித்துச் சேர்க்க முடியாது என்று 1983இல் கிளாக்ஸோ வழக்கிலும், 1985இல் ரசிக்லால் படேல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைக்கு வெளியே நடந்ததை ஆலையின் ஒழுங்கோடு இழுத்துக் கட்டுவதையும் கிளாக்ஸோ தீர்ப்பு ஏற்கவில்லை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத மேலாளர்களுக்கு இந்தக் காப்பு பலவீனம், நியமன ஒப்பந்தம்தான் பேசும்.

சங்க பேட்ஜ் அணிந்ததற்காகவோ சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ வேலையை விட்டு அனுப்புவது நேர்மையற்ற தொழில் நடைமுறை. பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் அது அப்படித்தான் இருந்தது, புதிய தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. சங்கச் சந்தாவிலிருந்து அரசியல் நிதிக்குப் பணம் கட்டச் சொல்லி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

படி 8: மெமோ வந்துவிட்டால்

மாநில அரசு ஊழியர் என்றால், விளக்கம் மட்டும் கேட்டிருக்கிறார்களா, தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(அ) பிரிவில் குற்றச்சாட்டு வந்திருக்கிறதா, 17(ஆ) பிரிவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 17(அ) கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கு உரியது. 17(ஆ) பதவியிறக்கம் முதல் பணிநீக்கம்வரை போகக்கூடியது. வாங்க மறுக்காதீர்கள். தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். உடனே மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். பதற்றத்தில் எழுதும் 'இனி இப்படிச் செய்ய மாட்டேன்' என்ற ஒரு வரி, செய்ததாக ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு மெமோவைச் சொல்கிறேன். ஓர் இளநிலை உதவியாளர் ஊர்க் கோயில் திருவிழாவில் நிற்கும் படம். பக்கத்தில் ஒன்றியக் கவுன்சிலர். கவுன்சிலர் கட்சிக் கரை வேட்டி, இவர் சாதாரண மயில்கண் கரை வேட்டி. 'கட்சிப் பிரமுகருடன் கட்சி உடையில் கலந்துகொண்டது' என்று குற்றச்சாட்டு. படம் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டிருந்ததால் இரண்டு கரையும் ஒன்றுபோல் தெரிந்தன. மூலப் படத்தைக் கேட்டு வாங்கியதும் விஷயம் முடிந்தது. ஆதாரத்தின் நகலை முதலில் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

பதில் இந்த வடிவில் இருக்கலாம்:

'பார்வையில் கண்ட குறிப்பாணை என்னால் இன்ன தேதியில் பெறப்பட்டது. அதில் குறிப்பிடப்பட்டுள்ள புகைப்படம், புகார் மனு ஆகியவற்றின் நகல்கள் எனக்கு வழங்கப்படவில்லை. அவற்றை வழங்கவும், வழங்கிய நாளிலிருந்து விளக்கம் அளிக்க 15 நாட்கள் அவகாசம் தரவும் வேண்டுகிறேன். குற்றச்சாட்டை மறுக்கிறேன். நிகழ்ச்சி அலுவலக நேரத்துக்கு வெளியே நடந்த சமய விழா. நான் அணிந்திருந்த உடையில் எந்தக் கட்சியின் சின்னமோ வாசகமோ இல்லை. வாய்மொழி விசாரணை நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

17(ஆ) என்றால் கடைசி வாக்கியத்தை மறக்கவே கூடாது. விசாரணை வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். நாம் கேட்காமல் விட்டால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு நழுவிவிடும். அதே அலுவலகத்தில் வேறொருவர் இதே செயலைச் செய்தும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், அவரைக் காட்டிக்கொடுக்காமல், 'விதி ஒரே சீராகப் பயன்படுத்தப்படவில்லை' என்று மட்டும் பதிவுசெய்யுங்கள்.

தனியார் துறையில் விசாரணையை எதிர்நோக்கிப் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளிக்கு முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் பாதியும், தாமதம் அவரால் ஏற்படவில்லை என்றால் அதற்குப் பிறகு முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். தண்டனை ஆணை வந்துவிட்டால் மேல்முறையீட்டுக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு அது 45 நாட்கள்.

படி 9: விதி எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கு

அலுவலகத் தலைவர்களும், மனிதவள அலுவலர்களும், கடை முதலாளிகளும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

ஒரு கட்சியின் பெயரைச் சொல்லித் தடை போடாதீர்கள். 'எந்த அரசியல் கட்சியின் சின்னமும் பெயரும் தலைவர் படமும்' என்று எழுதுங்கள். ஆளுங்கட்சி பேட்ஜைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு எதிர்க்கட்சி பேட்ஜுக்கு மெமோ கொடுத்தால், அந்த நாளிலிருந்து உங்கள் அலுவலகத்தில் அந்த விதிக்கு மதிப்பில்லை. அரசியல் கருத்தின் பேரால் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றிருக்கிறது. சமய விரத உடை, துக்க அடையாளம், சங்கத்தின் கோரிக்கை அட்டை ஆகியவற்றுக்கு விதியிலேயே இடம் கொடுத்துவிடுங்கள். முதல் முறை தெரியாமல் செய்தவரைத் தனியாக அழைத்துச் சொன்னால் போதும், எல்லோர் முன்னாலும் சட்டைப் பையைக் காட்டச் சொல்வது அவமானப்படுத்துவது.

பேசாதே என்று தடுப்பதைப் போலவே, பேசு என்று கட்டாயப்படுத்துவதும் தவறு. முதலாளிக்கு வேண்டிய வேட்பாளரின் கூட்டத்துக்குத் தொழிலாளர்களை வண்டியில் ஏற்றிப் போவதும், தலைவரின் பிறந்தநாளுக்குக் குறிப்பிட்ட நிறத்தில் உடுத்தி வரச் சொல்வதும், ஓட்டு எந்தப் பக்கம் என்று மிரட்டுவதும் பல இடங்களில் நடக்கின்றன. வாக்காளரின் சுதந்திரத்தில் தலையிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 171ஆம் பிரிவின்படி குற்றம். இப்படிப்பட்ட கட்டாயத்துக்கு ஆளானவர்கள் தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ, 1950 என்ற உதவி எண்ணிலோ, மாவட்டத் தேர்தல் அலுவலரிடமோ புகார் செய்யலாம்.

வாக்குப்பதிவு நாளில் ஊழியர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள், அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்லாதீர்கள். மறுநாள் வேலைக்கு வருபவரிடம் விரல் மையைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.